பார்சல் பக்கம் கை ஏன் போகிறது? உங்களுக்குக் கனக்கும் வேலையைக் கண்டுபிடித்து இறக்கி வைக்க ஒரு வழிகாட்டி

சமையலுக்குள் பத்து வேலை இருக்கிறது. என்ன சமைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாததை வாங்கி வர வேண்டும். கழுவி, உரித்து, நறுக்க வேண்டும். அடுப்படியில் நிற்க வேண்டும். எல்லாரும் உட்காரும் நேரத்தில் சூடாக எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் பாத்திரம், மிச்சம், துடைப்பது. பாக்கெட்டைப் பிரிக்கிறவர்கள், பார்சல் சொல்கிறவர்கள் இந்தப் பத்துக்கும் பயந்து அப்படிச் செய்வதில்லை. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் அவர்களைத் தடுக்கிறது. அதைத் தூக்க முடியாமல் போவதால் மற்ற எட்டும் சேர்ந்து நின்றுவிடுகின்றன.

ஆயத்த உணவு தயாரிக்கும் ஆலை ஒன்றில், புதுப் பண்டங்களை உருவாக்கும் பிரிவில் நான் நெடுங்காலம் வேலை பார்த்தேன். ஒரு புதுப் பண்டத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி ருசியைப் பற்றியதாக இருக்காது. “வாங்குகிறவர் எந்த வேலையிலிருந்து விடுபட நினைக்கிறார்?” என்பதுதான் முதல் கேள்வி. நறுக்கிய காய்கறிப் பை அதற்கு ஒரு பதில். சூடாக்கினால் போதும் என்ற டப்பா இன்னொரு பதில். தட்டுகூட வேண்டாம் என்ற கோப்பை நூடுல்ஸ் மூன்றாவது பதில். ஒவ்வொன்றும் பத்தில் சில வேலைகளை எடுத்துக்கொண்டு, அதற்கு விலை போடுகிறது.

அந்தக் கேள்வியை வீட்டுச் சமையலறைக்குள் கொண்டு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று உறுதியாக நம்புகிறேன். வீட்டில் சமைக்காதவர்களைச் சோம்பேறி என்று சொல்லும் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அது எதையும் விளக்குவதில்லை. பெரும்பாலும் ஏற்கெனவே களைத்துப் போன பெண்கள் தலையில்தான் போய் விழுகிறது.

காசும் நேரமும்

கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சாப்பாட்டின் விலை கடையில் கொடுத்த காசோடு முடிவதில்லை, அதைத் தயாரிக்கச் செலவான நேரமும் அந்த விலையில் சேர்ந்ததுதான் என்று அதில் விளக்கினார். சமைக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆனால் வீட்டுக் கணக்கு எழுதும்போது காசை மட்டும்தான் எழுதுகிறோம். அதனால் “பார்சலுக்கு எவ்வளவு செலவு பார்” என்று சொன்னால் யார் மனமும் மாறுவதில்லை. அவர்கள் மனத்துக்குள் இன்னொரு கணக்கு ஓடுகிறது, அதில் ஒரு மணி நேரத்துக்குப் பெரிய விலை இருக்கிறது.

மொமோஃபுக்கு ஆண்டோ 1958-இல் ஜப்பானில் உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, அது கடைகளில் கிடைத்த புது நூடுல்ஸைவிட விலை கூடியது. அப்படியும் ஜனங்கள் வாங்கினார்கள். வெந்நீர் ஊற்றிச் சில நிமிடம் பொறுத்தால் சாப்பிடலாம் என்ற வசதிக்கு அந்தக் கூடுதல் காசு தகும் என்று அவர்களுக்குத் தோன்றியது. மலிவு என்பதால்தான் உடனடி உணவு ஜெயித்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மலிவு அப்புறம்தான் வந்தது.

வேலை குறைந்தால் சாப்பாடே மாறிவிடும் என்பதற்கு உருளைக்கிழங்கு நல்ல சான்று. டேவிட் கட்லர், எட்வர்ட் கிளேசர், ஜெஸ்ஸி ஷாபிரோ மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காட்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்கர்கள் உருளைக்கிழங்கை ஏராளமாகச் சாப்பிட்டார்கள், ஆனால் பெரும்பாலும் வேகவைத்தோ சுட்டோ மசித்தோதான். உரித்து, ஒரே அளவில் நறுக்கி, எண்ணெயில் பொரிக்க வீட்டில் யாருக்கும் பொழுதில்லை. அந்த வேலையை ஆலைகள் எடுத்துக்கொண்டு, உறையவைத்து அனுப்பத் தொடங்கிய பிறகு வறுவலும் சிப்ஸும் பெருகின. 1977-க்கும் 1995-க்கும் இடையே அங்கே உருளைக்கிழங்கு நுகர்வு சுமார் 30 சதவீதம் ஏறியது. ஏறியது கிட்டத்தட்ட முழுவதும் வறுவலும் சிப்ஸும்தான். கிழங்கு மாறவில்லை, சாப்பிடுகிறவர்களின் ஆசையும் திடீரென்று மாறியிருக்க வழியில்லை. உரிக்கிற வேலை மட்டும் கை மாறியது.

இந்த விதி வீட்டுக்குள்ளும் அப்படியே நடக்கும். எந்த வேலையை முன்கூட்டி முடித்து வைக்கிறீர்களோ, அந்தச் சாப்பாடு பெருகும். அதனால் எந்த வேலை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்க விடுங்கள். ஒரு வாரத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம், வழக்கம் போலவே இருங்கள். பார்சல் சொல்லும்போதோ பாக்கெட்டைப் பிரிக்கும்போதோ மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: அப்போது மணி என்ன, வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்த வேலையை நினைத்ததும் மனம் பின்வாங்கியது.

‘நேரமில்லை’ என்று மட்டும் எழுதக் கூடாது. அது எல்லாவற்றையும் மூடிவிடும். நேரமில்லை என்று தோன்றினால், எதற்கு நேரமில்லை என்று எழுதுங்கள். வெங்காயம் உரிக்கவா? கடைக்குப் போகவா? என் தோழி ஒருத்தி வேலைக்குப் போகிறவள், இரண்டு பிள்ளைகள். அவள் தாளில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே சொல்தான்: சிங்க். காலையில் போட்ட பாத்திரம் மாலையில் அப்படியே கிடக்கும். சமைக்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கழுவ வேண்டும். சமைப்பதில் அவளுக்கு ஒரு சலிப்பும் இல்லை. அவளிடம் வாராந்திர உணவுத் திட்டம் போடு என்று சொன்னால் என்ன பயன்? இன்னொருவர் என்னோடு வேலை பார்த்தவர். அவர் எழுதியதெல்லாம் ‘என்ன வேண்டும் என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை’. அவருக்குச் சிங்க் எப்போதும் காலி. முடிவெடுப்பதுதான் அவருக்குக் கனத்தது.

இருவரும் வெளியே சொன்னது ஒன்றே: நேரமில்லை.

தாளில் அதிகம் வந்த வேலையை வட்டமிடுங்கள். அதற்குரிய பகுதியைக் கீழே முதலில் படியுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றப் பார்த்தால் அதுவே பதினோராவது வேலையாகிவிடும்.

முடிவெடுப்பது கனத்தால்

என் அனுபவத்தில் அதிகம் பேரை வீழ்த்துவது இதுதான். இதை யாரும் வேலையாகவே கணக்கில் எடுப்பதில்லை என்பதால் இன்னும் மோசமாகிறது. நாள் முழுக்க மற்றவர்களுக்காக முடிவெடுத்துவிட்டு வீடு திரும்புகிறவரிடம், பசியோடு இருக்கும்போது, இன்னொரு முடிவைக் கேட்கிறோம். கைபேசியில் படங்களோடு பட்டியல் வருகிறது. விரலால் ஒன்றைத் தொட்டால் போதும். அங்கேயும் முடிவு எடுக்கத்தான் செய்கிறோம், ஆனால் தவறானால் கேட்பாரில்லை, பொருள் இல்லையே என்ற கவலையும் இல்லை.

பசியில் எடுக்கும் முடிவு வேறு மாதிரி இருக்கும். டேனியல் ரீட், பார்பரா வான் லீவன் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை செய்யுமிடத்தில் இருந்தவர்களிடம் அடுத்த வாரம் என்ன தின்பண்டம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டார்கள். பழம் என்று சொன்னவர்களில் பலர், தட்டு நேரில் வந்தபோது மனம் மாறி இனிப்பு, கொறிப்பு பக்கம் போனார்கள். பசியாக இருக்கப் போகும் நேரத்துக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் முன்கூட்டியே கூட அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். வயிறு நிறைந்திருக்கும்போது முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவை, மாற்றுவது கொஞ்சம் சிரமமாகும்படி கட்டிப்போட வேண்டும்.

முதலாவது எளிது. இரவுச் சாப்பாடு முடிந்து எழுந்திருக்கும் முன் நாளைக்கு என்ன என்று பேசிவிடுங்கள். கட்டிப்போடுவது என்றால், அப்போதே ஒரு வேலையைத் தொடங்கிவிடுவது. பயறை ஊறப்போடுங்கள், ஃப்ரீசரில் இருப்பதை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் மாலை வந்து பார்க்கும்போது ஊறிய பயறு அங்கே இருக்கும். அதை வீணாக்க மனம் வராது. இந்தச் சின்ன ஏற்பாடு எந்த அட்டவணையையும்விட உறுதியானது.

அட்டவணை போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஏழு நாளுக்கு ஏழு உணவின் பெயர் எழுதினால் மூன்றாம் நாள் ஏதோ ஒன்று இடறும், அதோடு முழுத்தாளும் போய்விடும். அதற்குப் பதில் நாளுக்கு ஒரு வகையை மட்டும் நிரந்தரமாக்குங்கள். ஒரு நாள் முட்டை, ஒரு நாள் பயறு, ஒரு நாள் மிச்சத்தை வைத்து ஏதாவது. எந்தப் பயறு, எப்படிச் செய்வது என்பது அன்றைக்கு. கேள்வி சுருங்கிவிடுகிறது. ஆலையிலும் இப்படித்தான். இன்று எந்த வகை ஓடும் என்பதை யாரும் காலையில் யோசிக்க மாட்டார்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று: களைத்த நாளுக்கென்று ஒரு சாப்பாடு. வீட்டில் இப்படி இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு நான் வைத்திருக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. பார்சல் வந்து சேரும் நேரத்துக்குள் அது தட்டில் இருக்க வேண்டும். எல்லாப் பொருளும் வாரக்கணக்கில் கெடாததாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பாத்திரம்தான். முக்கியமாக, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை உட்பட, அதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டில் அது உறைந்த பட்டாணியும் முட்டையும் சேர்ந்த ஒன்று. அது தினமும் சாப்பிடத் தகுந்ததா, விருந்தாளிக்கு வைக்கலாமா என்பது கேள்வியே இல்லை. அந்தப் பொருள்களை வேறெதற்கும் தொடுவதில்லை, தீர்ந்தால் அன்றே வாங்கும் பட்டியலில் ஏறிவிடும்.

நறுக்குவதும் உரிப்பதும் கனத்தால்

வீட்டில் நாம் தினமும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறோம். ஆலையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அங்கே எல்லாமே பாதி வழியில் காத்திருக்கும்: வதங்கிய வெங்காயம், வெந்த பயறு, வெந்நீரில் முக்கி எடுத்த காய். சமைப்பது என்றால் அவற்றைச் சேர்ப்பதுதான். ஆயத்த உணவின் ரகசியம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தப் பாதி வழிப் பொருள்கள்தான். இதை வீட்டில் செய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முழுச் சாப்பாட்டை மொத்தமாகச் சமைத்து வாரம் முழுக்க வைத்துச் சாப்பிடும் முறையைப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றாம் நாள் அதே வாசம், அதே நிறம், எல்லாரும் முகத்தைத் திருப்புவார்கள், பார்சல் வந்துவிடும். பாதி வழிப் பொருள் அப்படி அலுக்காது. வதக்கிய வெங்காயம் ஒரு நாள் சூப்புக்குள் போகும், ஒரு நாள் முட்டைக்குள் போகும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தவை மூன்று. முதலாவது வெங்காயம். ஒரு விடுமுறை நாளில் நிறைய நறுக்கி, எண்ணெயில் நன்றாகப் பொன்னிறமாக வதக்குங்கள். ஐஸ் தட்டில் குழிகுழியாக நிரப்பி உறையவைத்து, உறைந்ததும் பையில் கொட்டிக்கொள்ளுங்கள். ஒரு கட்டியைச் சட்டியில் போட்டால் கால் மணி நேர வேலை முடிந்துவிட்டது. இரண்டாவது, வேகவைத்த கடலையும் பயறும். ஒரு கிலோ வேகவைப்பதும் கால் கிலோ வேகவைப்பதும் நிற்கும் நேரத்தில் ஒன்றுதான். சிவப்பு ராஜ்மாவை மட்டும் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் வேகவைக்க வேண்டும். அதில் இருக்கும் லெக்டின் என்ற பொருள் சரியாகக் கொதிக்காவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மிதமான சூட்டில் மெல்ல வேகவைக்கும் பாத்திரத்தில் நேராகப் போடக் கூடாது. மூன்றாவது, கழுவி ஈரம் போகத் துடைத்த கீரை. ஈரம்தான் கீரையை அழுகவைக்கிறது. துணியில் பரப்பி உலர்த்தி, தாள் விரித்த டப்பாவில் வைத்தால் பல நாள் நிற்கும்.

காய்கறியை உறையவைக்க நினைத்தால் கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, துடைத்து, அப்புறம் ஃப்ரீசரில் வையுங்கள். காய்க்குள் இருக்கும் என்சைம்கள் குளிரில் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும், நிறமும் ருசியும் போகும். சூடு அவற்றை நிறுத்திவிடும். கடையில் வாங்கும் உறைந்த பட்டாணி பச்சைப் பசேலென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆறவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டேன், ஏனென்றால் ஆலையில் எங்களுக்கு மிகக் கண்டிப்பாகச் சொல்லித் தரப்பட்டது இதுதான். சுமார் 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை அந்த இடைவெளியில் நெடுநேரம் நிற்க விடக் கூடாது. பெரிய அண்டாவில் அப்படியே மூடி வைத்தால் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான தட்டையான டப்பாக்களில், இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். சமைத்து 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஃப்ரிட்ஜில் 3, 4 நாள்தான், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசரில், 18 டிகிரி மைனஸில். திரும்பச் சூடாக்கும்போது நடுவிலும் ஆவி பறக்க வேண்டும், அளக்கக் கருவி இருந்தால் 74 டிகிரி. சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வேகும்போது சாகாமல் தப்பிவிடும். வெளியே நெடுநேரம் வைத்தால் அது உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றைச் சீக்கிரம் ஆற்றி, மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

டப்பாவின் மேல் என்ன, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். எழுதாத டப்பாவை யாரும் திறக்க மாட்டார்கள்.

அடுப்படியில் நிற்பது கனத்தால்

நிற்கும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பிரித்துப் பாருங்கள். கிளற வேண்டியது, திருப்பிப் போட வேண்டியது எல்லாம் நிற்கும் நேரம். குக்கர், ஓவன், நேரம் வைத்தால் தானே அணையும் மின் சட்டி எல்லாம் காத்திருக்கும் நேரம். பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது, அதனால்தான் வேலை சீக்கிரம் முடிகிறது. களைத்த நாளில் நிற்கும் நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காத்திருக்கும் நேரம் அரை மணியானாலும் பரவாயில்லை, அதற்குள் குளித்துவிட்டு வரலாம்.

பாத்திரம் கனத்தால்

தோழிக்கு நான் சொன்னது இதுதான். மாலைச் சமையலைக் காப்பாற்றுவது காலையில் காலியாக விட்டுப் போகும் சிங்க். காலையில் எல்லாவற்றையும் கழுவ முடியாது என்றாள். சரி, கழுவ வேண்டாம், ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் அதில் போட்டு ஓரமாக வை, சிங்க் காலியாக இருக்கட்டும் என்றேன். மாலையில் வந்ததும் கை கழுவ இடம் இருந்தது, காய் அலச இடம் இருந்தது. பார்சல் குறைந்ததற்கு அவளே சொன்ன காரணம் அதுதான்.

மற்றபடி, சமைக்கிறவர் கழுவக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். இது நீதியைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை. கழுவுகிறவர் வேறு என்றால் சமைப்பவருக்கு முன்னால் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை உண்மையிலேயே குறைகிறது. தனியாக வாழ்கிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் எந்தச் சட்டியில் சமைக்கிறார்களோ அதிலேயே சாப்பிட்டால் ஒரு குற்றமும் இல்லை.

ருசிதான் காரணம் என்றால்

தாளில் ‘வீட்டுச் சாப்பாடு சப்பென்று இருக்கும்’ என்று வந்திருந்தால் அதையும் மதித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆயத்த உணவில் உப்பும் கொழுப்பும் இனிப்பும் அளந்து அளந்து, பலர் நாக்கில் சோதித்துச் சேர்க்கப்படுகின்றன. அதோடு போட்டி போட வீட்டில் உப்பைக் கூட்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அது ஒரு டீஸ்பூன் கூட முழுசாக வராது. வேறு மூன்று வழி இருக்கிறது. இறக்கும்போது கொஞ்சம் புளிப்பு, எலுமிச்சைச் சாறோ வினிகரோ. மேலே தூவ மொறுமொறுப்பாக ஏதாவது, வறுத்த விதைகளோ கடலையோ. மூன்றாவது, சிவக்க வைப்பது. காயோ இறைச்சியோ வெந்துவிட்டது என்றதும் இறக்கிவிடுகிறோம். ஈரம் துடைத்து, சட்டியில் நெருக்கமாகப் போடாமல், நல்ல சூட்டில் அசைக்காமல் விட்டால் மேற்புறம் பழுப்பாகும். மாய்லார்ட் வினை என்று சொல்வது அதுதான், கடைச் சாப்பாட்டின் வாசத்துக்கு அதுவும் ஒரு காரணம். நெருக்கமாகப் போட்டால் காய் தன் ஆவியிலேயே அவியும், நிறம் பிடிக்காது.

உப்பைப் படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் பார்சல்தான் ஜெயிக்கும்.

வாங்குவதென்றால் எதை வாங்குவது

ஆயத்த உணவு எல்லாமே கெடுதல் என்று என்னால் சொல்ல முடியாது, அது உண்மையும் இல்லை. நிக்கோலா ஆப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறையைக் கண்டுபிடித்து 1810-இல் அரசிடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அதிலிருந்து தொடங்கி எத்தனையோ வசதிகள் நம்மைக் காப்பாற்றியிருக்கின்றன. உறைந்த காய், டப்பாவில் அடைத்த பயறு, நறுக்கிய பூண்டு, பால், தயிர் எல்லாம் வேலையை மட்டும் குறைப்பவை. அவற்றை வாங்கத் தயங்காதீர்கள்.

வேறொரு வகை இருக்கிறது. பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-இல் முன்வைத்த நோவா என்ற பகுப்பு முறை, உணவைப் பதப்படுத்தப்பட்ட அளவை வைத்து வகை பிரிக்கிறது. கடைசி வகை, வீட்டுச் சமையலறையில் இல்லாத பொருள்களால் ஆலையில் உருவாக்கப்படுபவை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-இல் வெளியிட்ட பரிசோதனையில் 20 பேர் இரண்டு வாரம் அந்த வகை உணவும் இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்திய உணவும் சாப்பிட்டார்கள். வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள், வேண்டுமளவு சாப்பிடலாம் என்றார்கள். ஆலை உணவுக் காலத்தில் அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடையும் சுமார் ஒரு கிலோ ஏறியது, மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேண்டிய தேவை குறைவாக இருக்கும் உணவில் வயிறு நிறைந்த செய்தி வருவதற்குள் தட்டு காலியாகிவிடும் என்பது ஒரு விளக்கம். என் தொழிலில் நான் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு நாங்கள் அத்தனை உழைப்போம்.

கடையில் நின்று இதையெல்லாம் நினைவு வைக்க வேண்டாம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில்தான் இருக்கும், அதிகமாக இருப்பது முதலில். பயறுக் குழம்பு என்று முன்னால் பெரிதாக எழுதி, பின்னால் பயறு நான்காவதாக இருந்தால் நீங்கள் வாங்குவது பயறில்லை. சர்க்கரை மூன்று வெவ்வேறு பெயரில் பிரிந்து கீழே கீழே நிற்கலாம், சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அப்புறம் உப்பு: ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், நீங்கள் சாப்பிடுவது முழுப் பொட்டலத்தையா என்று பார்த்துப் பெருக்குங்கள். சோடியம் என்று இருந்தால் இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும்.

பார்சல் சொல்லும் நாளிலும் முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் செய்ய நெடுநேரம் பிடிக்கும் ஒன்றை மட்டும் வாங்கி, சோற்றையோ ரொட்டியையோ, பச்சைக் காயையோ வீட்டில் தயார் செய்யுங்கள். செலவும் குறையும், உப்பும் எண்ணெயும் தட்டு முழுக்கப் பரவாமல் ஒரு மூலையில் நிற்கும். இரண்டு பேருக்குச் சொன்னது இப்படி மூன்று பேருக்கு வரும். மிஞ்சினால் வந்த டப்பாவிலேயே மேசைமேல் விட்டுவிடாமல், தட்டையான பாத்திரத்துக்கு மாற்றித் தேதி எழுதி உள்ளே வையுங்கள். மறுநாள் வெறும் வேகவைத்த காயோடு கலந்தால் அதற்கு அதுவே போதுமான ருசி.